புரியாத வரியில் நின்றவர்

கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் புண்ணாக்குக் கடை வைத்திருந்த அக்காவைப் பற்றி யாரிடமாவது சொல்ல நினைக்கும்போதெல்லாம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறுவேன். அவரிடம் கேட்டிருந்தால், எங்கே தடுமாறுகிறதோ அங்கேயே ஆரம்பியுங்கள் தம்பி என்றிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

அப்போது நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலையில் இருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தெருத்தெருவாக ஏறி இறங்க வேண்டும். அவர் கடையில் மீட்டர் உள்ளே, தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. முதல் தடவை போனபோது அக்கா தராசுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நாவலை விரித்து வைத்து, சோற்றில் கல்லைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, படிச்ச பிள்ளையாத் தெரியுதீங்க. இந்த ஒரு வரிய வாசிச்சுப் பாருங்க. ஒங்களுக்குப் புரியுதா?"

வாழ்நாளெல்லாம் தனக்குப் பகையாக இருந்த ஒருவனைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன், இனிமேல் நான் யாரை நினைத்துச் சாமி கும்பிடுவேன் என்று தன் மனைவியிடம் கேட்கிற வரி அது. எனக்கு அந்த வயதில் எல்லாமே புரியும். வெறுப்பு, அன்பு, இரண்டுக்கும் நடுவில் உள்ள சொந்தம் என்று நின்றுகொண்டே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அழகாச் சொல்லுதீங்க. நீங்க சொன்னது புரியுது. அந்த வரிதான் புரியல" என்றார்.

அடுத்த ரீடிங்குக்குப் போனபோதும் அதே புத்தகம், அதே பக்கம். சணல் நூலைத்தான் பக்க அடையாளமாக வைத்திருந்தார். அந்த நூல் ஒரு இம்மிகூட நகரவில்லை.

"இன்னுமா அக்கா?"

"நானும் தாண்டிப் போயிரலாம்னுதான் பாக்கேன். இந்த ஆளு விடமாட்டேங்கான்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் உள்ள கிட்டங்கிக்கு வரும்படியும், நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கிறோம் என்றும் சொன்னார். எனக்கு அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொன்று தீர்ப்பதே பெரும்பாடாக இருந்த காலம். போனேன்.

சரக்கு அடுக்கி வைக்கிற அந்தக் கிட்டங்கியில் பருத்திக்கொட்டை மூட்டைகள்தான் எங்களுக்கு ஆசனம். எள்ளுப் புண்ணாக்கு வாசனை சட்டையில் ஏறிவிடும். மாலையில் அறைக்குத் திரும்பினால் வீட்டு உரிமையாளரின் மாடு கழுத்தை நீட்டி என்னை மோந்து பார்க்கும். இப்படி ஒரு இலக்கியக் கூட்டம் தமிழ்நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், தேவாலய ஆராதனை முடிந்து கைப்பையில் பைபிளோடு நேரே வருவார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர் ஒருவர், கடவுள் இல்லை என்பதில் அசைக்க முடியாத பக்தி உள்ளவர். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க வந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, அப்படியே உட்கார்ந்து கதை கேட்டவர் முத்தையா அண்ணாச்சி. மிளகாய் விவசாயி. அதன்பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை பார்த்தே மாட்டுத் தீவனம் வாங்க வந்தார்.

அக்காதான் வாசிப்பார். வாசிப்பில் ஏற்ற இறக்கமே இருக்காது. ரயில் நிலையத்தில் வண்டி வருகிற நேரம் அறிவிப்பது போல இருக்கும். நான் ஒருதரம் வாசிக்கும்போது, சாகிற கட்டத்தில் குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். "தம்பி, நடுக்கம் வேண்டாம். எழுத்து போதும்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் தட்டையாக அதே பத்தியைத் திரும்ப வாசித்தபோது சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். கடவுளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் கதையில் இருக்கிற ஆள் வழியாகத்தான் பேச வேண்டும். பேசுகிறவர் எந்த வரியை வைத்துப் பேசுகிறாரோ அந்த வரிமேல் விரலை வைக்க வேண்டும். விரல் வைக்க இடமில்லாத பேச்சை அவர் கேட்டுக்கொள்ளவே மாட்டார். சிஸ்டருக்கும் சூப்பர்வைசருக்கும் சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் நீட்டுவார். "ரெண்டு பேரும் வெளிய நின்னு ஏசிக்கிட்டிருக்கீங்க. உள்ள வாங்க" என்பார். சூப்பர்வைசர் முனகிக்கொண்டே பக்கத்தைத் தேடுவார். தேடி முடிப்பதற்குள் சண்டை பாதி ஆறிவிடும்.

சிஸ்டர் ஒருநாள் கேட்டார். "இதுக்கு நேரா வேதத்தையோ புராணத்தையோ வாசிச்சா என்னக்கா? கதை எதுக்கு?"

"அதுல எல்லாருக்கும் பதில் முன்னாடியே தெரிஞ்சிருக்கு சிஸ்டர். ஒங்களுக்கு ஒங்க பதில், எனக்கு எம் பதில். கதையில ஒருத்தருக்கும் தெரியாது. சேந்து தேடலாம்லா."

புரியாத இடம் வந்தால் அவர் நின்றுவிடுவார். அதுதான் அவர். அந்த இடத்தில் நூலை வைத்து மூடிவிட்டு, அடுத்த ஞாயிறு அதே இடத்தில் திறப்பார். ஒரு நாவலை ஒரு வருஷம் வாசித்தோம். "புரியாத எடத்துல நிக்கணும். புரிஞ்ச மாதிரி தாண்டிட்டோம்னா அப்புறம் வாசிக்கது பூராம் பொய்யாயிரும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். கதை முடிவு தெரிந்துகொள்ள நூலகத்தில் திருட்டுத்தனமாக அதே புத்தகத்தைத் தேடியிருக்கிறேன்.

அவருக்கு இந்தக் குணம் எப்போது வந்தது என்று சிஸ்டர்தான் சொன்னார். அக்காவின் கணவர் கடையிலேயே, மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். விதி என்றார்கள், நல்லவர்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த அக்கா, சொந்தத்தில் பெரியவர் ஒருவர் ஆரம்பித்தபோது, "எனக்குத் தெரியலண்ணாச்சி. நீங்களும் தெரிஞ்ச மாதிரி சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டாராம். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை வெகுநாள் இல்லை.

ரொம்பப் பின்னால், மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கி நின்ற ஒரு சாயங்காலம் அக்காவே இதைத் தொட்டுப் பேசினார். "அந்த நேரத்துல ஒரு வாரப்பத்திரிகையில ஒரு கதை வந்துச்சு தம்பி. எனக்கு என்ன கேக்கணும்னு இருந்துச்சோ அதையே அதுல ஒரு பொம்பள சாமிகிட்ட கேக்கா. எழுதுனவரு பதில் சொல்லாம அங்கனயே நிறுத்திட்டாரு. வீடு நெறய ஆளு இருந்தப்ப தனியா இருந்தேன். அன்னைக்குத்தான் ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு."

அவரிடம் சொற்பொழிவு ஆற்றுவதை அதற்குள் விட்டிருந்தேன்.

ஒரு வருஷம் மாசி வாக்கில் ஒரு சிறுகதையை எடுத்தோம். ஊர்க் கோயிலில் சிலை திருடு போய்விடுகிறது. ஊர் கலங்கிவிடும் என்று பயந்து பூசாரி யாரிடமும் சொல்லவில்லை. திரையைப் போட்டுக்கொண்டு காலிப் பீடத்துக்குத் தினமும் பூசை செய்கிறார். சூடம் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். அக்கா அந்த வரியில் நின்றுவிட்டார்.

"திரை போட்டாச்சு. வேற ஆரும் பாக்கப்போறதில்ல. அப்புறம் எதுக்குக் கண்ண மூடுதான்?"

வெட்கம் என்றேன் நான். செய்கிற பாவத்தின் பயம் என்றார் சிஸ்டர். பழக்கதோஷம் என்றார் சூப்பர்வைசர். ஒவ்வொன்றையும் அக்கா விரலோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, "ம்ஹூம், பிடிபடல" என்றார். அடுத்த ஞாயிறும் அங்கேயே. அதற்கடுத்ததும் அங்கேயே. சூப்பர்வைசர் அந்தப் பூசாரியைத் தன் ஆபீஸில் வேலைக்கே சேர்த்துக்கொள்வதாகவும் கதையை முடித்துவிடும்படியும் கெஞ்சினார்.

அதுவரை பேசாதிருந்த முத்தையா அண்ணாச்சி எழுந்து வந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"கண்ணத் தொறந்தா, இல்லைன்னு தெரிஞ்சிரும்க்கா. மூடிக்கிட்டா, இருக்குன்னு நம்ம மனசுக்குள்ள வச்சிக்கிடலாம். நா மூடிருக்கேன்."

விரலை எடுக்காமலே சொல்லி முடித்தார். அவர் ஊரில் கருப்பசாமிக்கு ஆடுகிற சாமியாடி அவர். அப்பாவுக்குப் பிறகு அவர்தான். வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கினால் சாமி வந்து இறங்கும், குறி சொல்லும். போன வருஷக் கொடையில் வரவில்லை. ஊர் மொத்தமும் எதிரே நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவராகவே ஆடிவிட்டார். அதோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றியிருப்பாராம். வடக்கே வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போன மகனைப் பற்றி ஒரு அம்மா குறி கேட்டிருக்கிறாள். "வந்துருவான், அடுத்த கொடைக்குள்ள வந்துருவான்" என்று இவர் வாய் சொல்லிவிட்டது. அவள் அன்றிலிருந்து ராத்திரி கதவைத் தாழ் போடுவதில்லை.

"கொடை வருது. என்ன செய்யட்டும்க்கா?" என்றார்.

அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"எனக்குத் தெரியல முத்தையா" என்றார். "கதைய முடிச்சுருவோமா, இல்ல இங்கனயே வச்சுருவோமா?"

"இங்கனயே வச்சுருங்கக்கா."

நூலை வைத்து மூடினார். அந்தக் கதையின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. தேடவும் தோன்றவில்லை.

பங்குனி ரீடிங்குக்கு நான் கடைக்குப் போயிருந்த காலையில் முத்தையா அண்ணாச்சியின் மனைவி வந்து நின்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறார் போலிருக்கிறது. முந்தானையில் வேர்வையைத் துடைக்கக்கூட இல்லை. கொடையில் ஊரறிய உண்மையைச் சொல்லப்போவதாக அண்ணாச்சி வீட்டில் சொல்லிவிட்டாராம்.

"முதலாளியம்மா, நல்லா ஆடிக்கிட்டிருந்த மனுசன். ஒங்க கிட்டங்கிக்கு வந்து கதை கேக்க ஆரம்பிச்ச பெறகுதான் அவியளுக்குச் சாமி எறங்கல. எதையெடுத்தாலும் யோசிக்காவ. யோசிக்கிறவன் மேல சாமி வருமா? மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம். அவிய கொடையில வாயத் தொறந்தா எங்களுக்கு ஊருல ஆரு பொண்ணு கேட்டு வருவா? நீங்க சொல்லுங்க, ஆடச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாவ."

அக்கா மறுத்து வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். நானாவது வாதாடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நீங்க சொல்லுதது சரியாக்கூட இருக்கலாம்மா. கதையாலதான் சாமி போச்சா, இல்ல கதை கேக்காம இருந்தாலும் போயிருக்குமா, எனக்குத் தெரியல. தெரியாம நா எப்படி ஆடுன்னு சொல்லட்டும்? ஆடாதன்னும் சொல்லமாட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "கொடைக்கு நா வாரேன். அவிய அங்கன நிக்கையில நானும் நிப்பேன். ஊரு ஏசுனா என்னையும் சேத்து ஏசட்டும்."

அந்த அம்மாள் போய்விட்டார். அன்று முழுவதும் அக்கா வியாபாரத்தில் எடையைத் தப்புத் தப்பாகப் போட்டார். அவருக்குப் பயமாக இருந்தது என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். புத்தகம் படித்து ஒரு மனிதனிடமிருந்து அவன் சாமியைப் பிடுங்கிவிட்டோமோ என்கிற பயம். அது சாதாரணப் பயமில்லை. எனக்கே கொடை வரைக்கும் அந்த ஒரு வாரம் சரியாகத் தூக்கமில்லை.

மத்தியானக் கொடைக்கு நாங்கள் நால்வரும் போனோம். கடவுள் இல்லாத சூப்பர்வைசரும் வந்தார். கேட்டதற்கு, முத்தையாவைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். பஸ் இறங்கிக் களத்து மேட்டில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உடைமரத்தடியில் அரிவாள்கள் நட்ட பீடம், அதன் முன்னால் ஊர். கூட்டத்தின் ஓரத்தில் பெண்களோடு அக்கா நின்றுகொண்டார். சிலர் அவரைக் காட்டிக் காதைக் கடித்தார்கள்.

அண்ணாச்சி குளித்து, கச்சை கட்டி, திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றார். குலவை எழுந்தது. உறுமி மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. எனக்கே உடம்பு தூக்கிப் போட்டது. அவர் அசையவில்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். உறுமிக்காரர் அவர் காதுக்குப் பக்கத்திலேயே வந்து முழக்கினார். வெயிலில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது; அப்போதும் மூடவில்லை. கடைசியில் கையைத் தூக்கினார். உறுமி நின்றது.

"சாமி வரல" என்றார்.

"என்னலே சொல்லுத?" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வரல. போன வருசமும் வரல. நாந்தான் ஆடுனேன்."

அடுத்த சில நிமிஷங்களை நான் விவரிக்க விரும்பவில்லை. ஏசினார்கள். அவருடைய அப்பாவைச் சொல்லி ஏசினார்கள், மகளைச் சொல்லி ஏசினார்கள். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பங்காளி ஒருவர் தட்டைப் பிடுங்க வந்தார். அண்ணாச்சி தட்டை விடாமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண்மணி முன்னால் போய் நின்றார். நரைத்த தலை, வெறும் கழுத்து. அதுதான் மகனுக்காகக் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிற அம்மா என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. ஏச்சு தானாக அடங்கியது.

"ஆத்தா, ஒம் மகன் வருவான்னு போன வருசம் சொன்னது சாமி இல்ல. நாஞ் சொன்னது. பொய்யாச் சொன்னேன்."

அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப சாமி ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல ஆத்தா."

"வரமாட்டான்னும் சொல்லல?"

அண்ணாச்சி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்பச் சரி. பூசு" என்று நெற்றியைக் காட்டினாள்.

"என் கையாலயா ஆத்தா?"

"போன வருசம் பூசுன கைதானலே. இன்னைக்காவது நெசத்தச் சொல்லிட்டுப் பூசுத. பூசு."

அவர் அள்ளிய திருநீற்றில் பாதி தரையில் கொட்டியது. மீதியைப் பூசினார். அவள் ஒதுங்கினாள். என் வாழ்நாளில் எத்தனையோ கோயில்களில் நின்றிருக்கிறேன். அந்த உடைமரத்தடியில் அன்று எனக்கு வந்தது மாதிரி ஒரு புல்லரிப்பு எங்கும் வந்ததில்லை.

அண்ணாச்சியின் மனைவி எழுந்தார். நேரே எங்கள் பக்கம் வந்தார். அக்காவின் கையைப் பிடித்தார். புருஷனின் அக்காவைக் கூப்பிடுகிற முறையில், "வாங்க மதினி" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார். எதற்கும் அசையாத அக்கா, குழந்தை மாதிரி அவர் பின்னால் போய் நின்று, குனிந்து நெற்றியைக் காட்டினார். முகம் முழுக்க அழுகையாக இருந்தது. சிஸ்டர் போனார். நான் போனேன். ஊரில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

உறுமிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். சாமி வரும்போது அடிக்கிற அடி ஒன்று உண்டு. சாமி உடம்பை விட்டு மலையேறும்போது அடிக்கிற அடி ஒன்று உண்டு. இதற்கு எந்த அடி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறுமியைத் தோளிலிருந்து இறக்கி மண்ணில் வைத்துவிட்டு, அவரும் திருநீற்றுக்காக வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.